கயிறு பிடிப்பவர் கடன்

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அச்செய்தி அவ்வீட்டோடு நின்றுவிடுவதில்லை. தெருவெங்கும் சீனி வழங்கப்படுகிறது. பாட்டிமார் பார்க்க வருகின்றனர். மூக்கு யாரைப் போல, நெற்றி யாரைப் போல என்று இரு வீட்டாருக்கும் இடையே இனிய வழக்கொன்று தொடங்கிவிடுகிறது. பிறந்த பிள்ளை பெற்றவர்க்கு மட்டும் உரியதன்று, குடும்பத்துக்கும் தெருவுக்கும் ஊருக்கும் உரியது என்பதை நாம் வாயால் சொல்லாமலே செய்கையால் காட்டிவிடுகிறோம்.

ஆனால் அதே பிள்ளைக்குக் கழுத்து நிற்க வேண்டிய மாதத்தில் நிற்கவில்லை; உட்கார வேண்டிய மாதத்தில் அது உட்காரவில்லை; இடையிடையே வலிப்பும் வந்து போகிறது என்றால், வந்த கூட்டம் மெல்ல மெல்லக் கலைகிறது. ஆண்டு ஒன்று செல்லும்போது அக்குழந்தை அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாகிறது. ஆண்டு மூன்று செல்லும்போது பெரும்பாலும் தாய்க்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. கலைந்து செல்கிறவர்கள் வெறுங்கையோடு செல்வதில்லை. ஒரு சொல்லை அவளிடம் விட்டுச் செல்கின்றனர். “பொறுமையாக இரு, அம்மா!” என்பதே அச்சொல்.

பொறுமை உயர்ந்த பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. எல்லாச் சமயங்களும் எல்லா நீதி நூல்களும் அதைப் போற்றுகின்றன. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. ஒருவர் தாமே மேற்கொள்ள வேண்டிய பொறுமையை இன்னொருவர் உபதேசிக்கும்போது, உபதேசிப்பவர் செய்ய வேண்டிய கடன் ஏதேனும் மீதி நிற்கிறதா? நிற்கிறது என்றால் அது எது?

பொறுத்தலும் காத்திருத்தலும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பொறுமை என்றால் சும்மா இருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். “இவன் பாட்டனும் மூன்று வயதில்தான் பேசினான், பேசுவான், பேசாமல் எங்கே போகிறான்?” என்று பெரியவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அன்பால் சொல்லப்படும் சொல்தான். ஆயினும் அது சில வேளைகளில் ஒரு குழந்தையின் வாழ்வையே விலையாகக் கேட்டுவிடுகிறது.

பொதுவாகக் குழந்தைக்கு 3, 4 மாதங்களில் தலை நிற்கிறது; 6 முதல் 8 மாதங்களுக்குள் உட்காருகிறது; 12 முதல் 18 மாதங்களுக்குள் நடக்கத் தொடங்குகிறது; ஓராண்டை ஒட்டி முதற்சொல் பிறக்கிறது. சில குழந்தைகள் சற்று முந்தும், சில பிந்தும். அதில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பல படிகள் ஒருசேரப் பிந்தினால், அல்லது வந்த திறன் மறைந்து போனால், அதை மருத்துவர்கள் வளர்ச்சித் தாமதம் என்கின்றனர். தாமதம் என்பது ஒரு நோயின் பெயரன்று. உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, தேடிப் பார் என்னும் அறிவிப்பு.

தேடினால் கிடைப்பவை பலவகை. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு குறைந்திருக்கலாம். பச்சிளம் பருவத்து மஞ்சள் காமாலை கட்டுமீறி மூளையைத் தாக்கியிருக்கலாம். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டிருந்தால், பிள்ளையின் செவியும் கண்ணும் இதயமும் பழுதுபட்டிருக்கலாம். 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்து பிறக்கும் டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. நெருங்கிய இரத்த உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் சில மரபு நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு இல்லாத குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்த முதற்சில வாரங்களுக்குள் கண்டுபிடித்து, நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை கொடுத்து வந்தால், அது பிற குழந்தைகளைப் போலவே அறிவோடு வளரும். கண்டுபிடிக்காமல் விட்டாலோ, அறிவுத்திறன் குன்றி மீளாத நிலைக்குச் சென்றுவிடும். இரண்டு குழந்தைகளுக்கும் இடையே நிற்பது சில துளி இரத்தச் சோதனைதான்.

மூளை மிக விரைவாக வளர்வது முதல் மூன்று ஆண்டுகளில். அப்பருவத்தில் தரப்படும் தசைப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் செவிக்கருவிக்கும் உள்ள பயன் பின்னர் தரப்படுவனவற்றுக்கு இல்லை. ஆகவே இக்குழந்தைகள் வாழ்வில் காத்திருத்தல் பொறுமையாகாது. விதைக்கும் பருவத்தில் களத்துமேட்டில் உட்கார்ந்திருப்பவனைப் பொறுமைசாலி என்று எவரும் அழைப்பதில்லை. பயன் உடனே தெரியாத பயிற்சியை ஒவ்வொரு நாளும் விடாது செய்வதே பொறுமை. இன்று பத்து முறை காலை மடக்கி நீட்டினோம், ஒன்றும் மாறவில்லை. நாளையும் மடக்கி நீட்டுவோம் என்பதுதான் அதன் வடிவம்.

காரணங்களை இங்கே அடுக்கியதற்கு இன்னொரு நோக்கமும் உண்டு. கிரகணத்தில் வெளியே போனாள், மருமகள் வந்த நேரம் சரியில்லை, பெற்றவர் செய்த பாவம் என்னும் பேச்சுகள் இன்னும் நம் வீடுகளிலிருந்து நீங்கவில்லை. பொறுமையைப் போதிக்கும் அதே வாய் பழியையும் சுமத்துகிறது. பழியை ஏற்றி வைத்துவிட்டுப் பாரத்தைப் பொறுத்துக்கொள் என்பது எவ்வகை அறம்?

ஊதியக் கணக்கு

கூட்டம் ஏன் கலைகிறது? வந்தவர் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். நாம் அறியாமலே நம் உள்ளத்தில் ஒரு கணக்கு நடக்கிறது. இந்தப் பிள்ளையால் என்ன பயன் என்னும் கணக்கு அது. பழமையான கணக்கும் ஆகும்.

புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுகிறார். குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என எட்டு வகைக் குறைப்பிறப்புகளை எண்ணி, இவற்றால் ஊதியம் இல்லை என்று அறிந்தோர் முன்பே சொல்லியிருப்பதாக எடுத்துக் காட்டுகிறார். அறமும் பொருளும் இன்பமும் பேணுமாறு அரசனுக்கு உரைக்க வந்த நல்ல பாட்டுத்தான். எனினும் அதில் ஓர் அளவுகோல் புதைந்து கிடக்கிறது. மனிதப் பிறவியை ஊதியத்தால் அளக்கும் கோல் அது.

அதே தொகையின் 312ஆம் பாட்டு பொன்முடியார் பாடியது. பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தாயின் கடன். சான்றோனாக்குவது தந்தையின் கடன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். அரசனுக்கும் அப்பிள்ளைபால் ஒரு கடன் உண்டு என்று அப்பெண்பாற் புலவர் பங்கிட்டு வைக்கிறார். ஒரு பிள்ளையை ஆளாக்குவது தனியொருத்தியின் வேலையன்று என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் வேறெவரும் உளரா என்று நாம் அறியோம். ஆனால் அப்பாட்டு எங்கே முடிகிறது? போர்க்களத்தில் முடிகிறது. களிற்றை வீழ்த்தித் திரும்புவது மகனின் கடனாம். அப்படியானால் களத்துக்குப் போக இயலாத பிள்ளையிடத்தில் மற்றவர் கடன்கள் என்னவாகும்? தந்தையின் கடனும் கொல்லனின் கடனும் அரசனின் கடனும் கழன்று போய்விடுமா? நடைமுறையில் அப்படித்தான் நிகழ்கிறது. நால்வர் கடனில் மூவர் கடன் கழன்று, தாயின் கடன் மட்டும் நான்கு மடங்காகி நிற்கிறது.

இந்தக் கணக்கை மறுத்த நிகழ்ச்சி ஒன்று இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. குறைஷித் தலைவர்களோடு அண்ணலார் உரையாடிக்கொண்டிருந்த வேளையில், கண்பார்வையற்ற தோழரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) ஐயம் கேட்டு வந்தார். தலைவர்கள் உள்ளம் மாறினால் ஊரே மாறும் என்னும் நேரம் அது. அந்நேரத்தில் இவரைக் கவனியாமல் முகம் திருப்பியதைச் சுட்டி உணர்த்துவதோடுதான் திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. பின்னாளில் அவர் மதீனாவில் பாங்கு சொல்பவராக இருந்தார். அண்ணலார் வெளியூர் சென்றபோது நகரின் பொறுப்பையும் ஏற்றார்.

இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, இத்தகையோராலும் பயன் உண்டு” என்று மகிழ்ந்துவிடுவது எளிது. அவ்வாறு மகிழ்ந்தால் நாம் மறுபடியும் அதே கணக்குக்குள் விழுந்துவிடுகிறோம். எந்தப் பொறுப்பையும் ஒருநாளும் ஏற்கப்போகாத குழந்தையும் உண்டு. தன் பெயரைக்கூடச் சொல்லப்போகாத குழந்தையும் உண்டு. அதன் நிலை என்ன? நம் சட்ட நூல்கள் இதற்குத் தெளிவான விடை தருகின்றன. அறிவு நிறையாதவர்மேல் தொழுகையோ நோன்போ கடமையாவதில்லை. அவர்மீது குற்றம் எழுதப்படுவதுமில்லை. ஆனால் தகப்பன் சொத்தில் அவருக்குரிய பங்கு ஓர் அணுவும் குறைவதில்லை. கடமை ஏதுமில்லாத ஒருவருக்கு உரிமை முழுமையாக உண்டு என்பதன் பொருள் என்ன? உரிமை பயனால் விளைவதன்று, பிறப்பால் விளைவது என்பதே.

கயிற்றின் மறுமுனை

மன்னார் வளைகுடாக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் முத்துக் குளித்த கதைகளைக் கேட்டிருப்பர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டில். பரதவரும் முஸ்லிம்களும் அத்தொழிலில் ஈடுபட்டனர். இக்கரையைச் சேர்ந்தவர்கள் குறையுள்ள குழந்தையைப் பெற்றோருக்கு ஆறுதல் சொல்லும்போது ஓர் உவமையைக் கையாள்வதுண்டு. சிப்பிக்குள் உறுத்தல் புகுந்துதானே முத்தாகிறது, உங்கள் துன்பமும் ஒருநாள் முத்தாகும் என்பர். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வுவமையும் அந்த ஊதியக் கணக்கின் இன்னொரு வடிவமே. முத்துச் சலாபத்தில் குவிக்கப்பட்ட சிப்பிகளில் முத்து இருந்தவை மிகச் சில. ஏனையவை கரையில் குவிந்து அழுகின. முத்துத் தராத சிப்பியைப் பற்றி அவ்வுவமைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அக்கடலிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க உவமை வேறொன்று உண்டு. குளிப்பவன் கல்லைக் காலில் கோத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, பாகக்கணக்கில் ஆழ்ந்த கடலின் அடிக்குச் செல்வான். அவன் இடுப்புக்கும் தோணிக்கும் இடையே ஒரு கயிறு உண்டு. தோணியில் நிற்பவன் அந்தக் கயிற்றிலேயே கருத்தாக இருந்து, அசைவு தெரிந்த கணமே இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுதியான நேரமே ஒரு மூச்சு. அதற்குமேல் அங்கே பொறுமை என்பது மரணம். அதனால்தான் குளிப்பவனின் மைத்துனனே கயிறு பிடிப்பான் என்று கடற்கரையில் வழக்குச் சொல்கின்றனர். தன் உடன்பிறந்தாள் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் கை தளரமாட்டான் அல்லவா?

மூச்சடக்குவது குளிப்பவன் பொறுப்பு. கயிறு பிடிப்பது மேலே நிற்பவர் பொறுப்பு. மேலே நிற்பவன் கயிற்றை நழுவவிட்டு, “இன்னும் கொஞ்சம் மூச்சை அடக்கிக்கொள்” என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தால் அவனை என்னவென்று அழைப்போம்? வளர்ச்சி குன்றிய குழந்தையின் தாயிடம் பொறுமையை மட்டும் சொல்லிச் செல்கிறவர் செய்வது இதுவே.

பொறுமைக்கு நாம் எடுத்துக்காட்டாகச் சொல்பவர் அய்யூப் நபி (அலை). அவரே தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டவர். யஃகூப் நபி (அலை) மகனை இழந்த துயரால் அழுதழுது கண்ணொளி இழந்தவர். முறையீடும் கண்ணீரும் பொறுமைக்குப் பகையாக அவர்கள் வாழ்வில் கருதப்படவில்லை. ஆனால் நம் ஊரில் ஒரு தாய், “என்னால் முடியவில்லை” என்று ஒருமுறை சொல்லிவிட்டால், நாம் அவளைப் பொறுமையற்றவள் என்கிறோம். முடியவில்லை என்பது கயிற்றில் தெரியும் அசைவு என்பதை நாம் உணர்வதில்லை.

ஒரு வாரத்தின் கணக்கு

பொதுப்படப் பேசினால் உள்ளம் உருகும். கணக்காகப் பார்த்தால்தான் கை நீளும். ஆகவே ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்நாட்டில், செம்மண்ணும் பனையும் சூழ்ந்த ஊர் சாயர்புரம். சாமுவேல் சாயர் என்பவர் பெயரால் அமைந்தது. 1842இல் ஜி.யு. போப் வந்து கல்விக்கூடம் கண்ட இடம். 1962 முதல் அவர் பெயராலேயே ஒரு கல்லூரியும் நடக்கிறது. படிப்பால் பெயர் பெற்ற ஊர் என்று சொன்னால் மிகையாகாது. அத்தகைய ஊரில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் பெரியவர் வாயில் முதலில் வரும் கேள்வி, “எத்தனாவது படிக்கிறாய்?” என்பதாகவே இருக்கும்.

அவ்வூரில் நான்கு வயது மகனை உடைய ஒரு தாயை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். கால்கள் விறைத்திருக்கின்றன, விழுங்குவது கடினம், வலிப்புக்கு மருந்து நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் தசைப் பயிற்சிக்கு நகரத்துக்குச் செல்ல வேண்டும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே பயணச்சீட்டுக் கவலை பெரிதும் தீர்ந்தது. ஆனால் பதினைந்து கிலோ எடையுள்ள, பிடித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மறுகையில் பையோடு பேருந்தின் படியில் ஏறுவது யார் தீர்க்கும் கவலை? போக, இருக்க, வர ஒரு பகல் போகிறது. வாரத்தில் மூன்று பகல் போனால் அவள் எந்த வேலைக்குச் செல்ல முடியும்?

வீட்டிலிருக்கும் நாள்களில் ஒருவேளை உணவை ஊட்ட ஒரு மணி நேரம். விரைந்து ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வரும். இரவில் வலிப்பு வருமோ என்று அரைக்கண் உறக்கம். மூத்த பெண்பிள்ளை ஒன்று இருந்தால், அதன் பள்ளிக் கூட்டத்துக்குப் போக முடிவதில்லை. அக்குழந்தையும் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. திருமண வீடுகளுக்கு அழைப்பு வருகிறது. ஆனால் “பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு வா” என்ற குறிப்போடு வருகிறது. யாரிடம் விடுவது என்று அழைப்பவர் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் நோயால் வந்த துன்பம் எவ்வளவு, தனிமையால் வந்த துன்பம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுகிறோம். விறைத்த கால் நோயால் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியே நிற்பது நோயால் வந்ததன்று.

கூட்டுக் கடமை

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அவரவர் பிள்ளை அவரவர் பொறுப்பல்லவா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுமை இருக்கிறது. அடுத்த வீட்டுச் சுமைக்கும் தோள் கொடுக்க எவரால் ஆகும்? அதற்குத்தானே அரசு இருக்கிறது?

அரசின் பங்கை முதலில் பார்ப்போம். அது ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நன்றியின்மை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21ஆக விரித்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று, பிறவிக் குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிப் பார்க்க வேண்டும். கண்டறியப்பட்ட குழந்தைகளுக்காக மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களும் அமைக்கப்படுகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செவிப்புலன் இழந்த சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் பெருஞ்செலவு அறுவையும் அடங்குகிறது. இவையெல்லாம் பொன்முடியார் சொன்ன வேந்தன் கடனின் இக்கால வடிவங்கள். அறியாதவர்க்கு இவற்றை எடுத்துச் சொல்வதும், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், அலுவலகத்துக்கு உடன் செல்வதும்கூடக் கயிறு பிடிக்கும் செயல்களே. ஆனால் எந்த அரசும் பேருந்துப் படியில் பிள்ளையை ஏந்திக்கொள்ளும் கையாக வர இயலாது. மாலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம் பிள்ளையோடு அமர்ந்து, தாயை உறங்கவிடும் வேலைக்கு ஆணை பிறப்பிக்க முடியாது.

அது யார் வேலை? நம் மார்க்க அறிஞர்கள் கடமைகளை இரண்டாகப் பிரித்தனர். ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டியது பர்ளு ஐன். ஊரார் சார்பில் சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் நீங்கி, எவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளியாவது பர்ளு கிஃபாயா. இதற்கு எடுத்துக்காட்டாக நாம் சிறுவயதில் பயின்றது ஜனாஸாத் தொழுகையும் அடக்கமும். ஊரில் ஒருவர் இறந்தால் எவரும் அழைக்க வேண்டியதில்லை. குழி வெட்ட ஆள் வருகிறது. குளிப்பாட்ட ஆள் வருகிறது. சந்தூக்கைச் சுமக்க ஒரு தோள் தளருமுன் மறுதோள் முந்துகிறது. இறந்தவர் செல்வரா ஏழையா, அவரால் ஊருக்கு ஊதியம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுச் சமயத்தார் ஊர்களிலும் சாவு வீட்டில் இவ்வொழுங்கைக் காண்கிறோம்.

உயிர் நீங்கிய உடலைச் சுமக்க வரிசையில் நிற்கும் அதே தோள்கள், உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையைப் பேருந்து நிலையம்வரை சுமக்க ஏன் வருவதில்லை? சாவுக்குக் கூட்டுக் கடமை இருக்கும்போது வாழ்வுக்கு இல்லாமற் போகுமா? “எனக்கும் சுமை இருக்கிறது” என்னும் மறுப்புக்கும் இதிலேயே விடை உண்டு. சந்தூக்கை ஒருவரே வீட்டிலிருந்து மையவாடிவரை சுமப்பதில்லை. சில அடி தூரம் சுமந்து அடுத்தவரிடம் கொடுக்கிறோம். ஒரு தெருவில் ஏழு வீடுகள் வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால், அந்தத் தாய்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது.

இக்கடமையில் முதல் தோள் தந்தையுடையது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொருள் அனுப்புவதோடு தம் பங்கு முடிந்தது என்றிருக்கும் தந்தையர் பலர். பயிற்சியைத் தாமும் கற்று, ஊட்டவும் குளிப்பாட்டவும் தெரிந்துகொண்டவரே அக்குழந்தைக்குத் தந்தை. மற்றவர் செலவுக்குப் பொறுப்பேற்றவர் மட்டுமே.

கரையேறியவர் பிடித்த கயிறு

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்று கேட்பவர்க்கு நம் தென்பகுதியிலேயே சான்று உண்டு. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்தை நிறுவியவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வுச் சோதனையில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாஹல் பெயரால் 1981இல் சிலபிள்ளைகளோடு தொடங்கினார். 1992இல் தசைச்சிதைவு நோயுடைய கணக்காயரான எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விருதைவிட அச்சங்கம் மேற்கொண்ட முறையே நம் கருத்துக்குரியது. வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தை மையத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே செல்கிறார். தாய்க்கும் வீட்டாருக்கும் பயிற்சியைக் கற்றுக் கொடுக்கிறார். குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசியில் பதிவு செய்ய, தொலைவிலுள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து வழி சொல்கின்றனர். நாம் மேலே கணக்கிட்ட மூன்று பகற்பொழுதுகளை எண்ணிப் பாருங்கள். பயிற்சி வீட்டுக்கு வந்தால் அவை தாய்க்குத் திரும்பக் கிடைக்கின்றன.

சென்னையில் 1985இல் தோன்றி, இன்று வித்யாசாகர் எனப்படும் நிறுவனத்தைத் தொடங்கியவர் பூனம் நடராஜன். மூளை முடக்குவாதமுடைய மகனின் தாய் அவர். தம் மகனுக்காகக் கற்றதைப் பிறர் மக்களுக்கும் கொடுத்தார். பிற்காலத்தில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் பணியாற்றினார்.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளிலும் நம்மை வியக்க வைப்பது எதுவோ அதுவே வெட்கப்படவும் வைக்கிறது. கயிறு பிடித்தவர்கள் தாமே ஆழத்துக்குப் போய் வந்தவர்கள். உடல் செயலிழந்தவரும், நோயுற்றவரும், குழந்தையைப் பெற்ற தாயும் எழுந்து வந்து பிறருக்குக் கைகொடுக்க, நலமாகத் தோணியில் நின்றுகொண்டிருந்தவர்கள் எங்கே இருந்தனர்?

எமக்குப் பின் யார்?

இத்தகைய பெற்றோரின் உள்ளத்தில் பகலிலும் இரவிலும் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. “நாங்கள் கண்ணை மூடிய பின் இவனை யார் பார்ப்பது?” என்பதே அது. மற்றைப் பெற்றோர் தம் மக்களுக்குமுன் தாம் இறக்க வேண்டும் என்று வேண்டுவர். இவர்களுள் சிலர், பிள்ளைக்குப் பின் ஒருநாளாவது தாம் இருக்க வேண்டும் என்று வேண்டுகின்றனர். ஒரு தாய் அவ்வாறு வேண்டும்படி ஆகிவிட்ட ஊரில் பொறுமையைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

சட்டம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்கு, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழு சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். பதினெட்டு வயது நிறையும் பிள்ளையின் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் தாளில் பெயர் எழுத ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் அப்பிள்ளையை அறிந்தவராக இருக்க வேண்டும். தலையை ஒருபுறம் சாய்த்தால் தண்ணீர் கேட்கிறான், விரலைக் கடித்தால் வயிறு வலிக்கிறது என்று அவன் மொழியைக் கற்றவராக இருக்க வேண்டும். அதைப் பெற்றோர் மறைந்த மறுநாள் கற்க இயலாது. அவன் நான்கு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது தெருவார் மடியில் இருந்திருந்தால்தான், நாற்பது வயதில் அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். இன்று கொடுக்கும் ஒரு மணி நேரத்தின் முழுப்பொருளும் இதுவே.

ஆகவே வாசகர்களிடம் நாம் பெரிய தியாகம் எதையும் கேட்கவில்லை. உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய குழந்தை ஒன்று இருக்கும். அதன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். அது திரும்பிப் பார்க்காவிட்டாலும் அழையுங்கள். திருமண அழைப்பில் அதையும் சேர்த்து அழையுங்கள். பந்தியில் ஊட்டுவதற்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுங்கள். எப்போது நடக்கும், எப்போது பேசும் என்று தாயிடம் கேளாதீர்கள்; அவளிடம் அதற்கு விடை இல்லை. அடுத்த முறை அவளைக் காணும்போது, “பொறுமையாக இரும்மா” என்று சொல்ல நா எழுந்தால், சற்றே நிறுத்தி வேறொன்றைச் சொல்லுங்கள். “வியாழக்கிழமை பயிற்சிக்குப் போகும்போது நானும் வருகிறேன். பிள்ளையை நான் தூக்கிக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள்.